வெள்ளைக்கண் சேவலும் சாம்பல்கண் பெட்டையும்

சேலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் 17 கோழிகள் வளர்க்கிறார். பெரும்பாலும் சிறுவிடை என்ற சின்ன உடம்பு நாட்டுக்கோழி. ஒரே ஒரு பெருவிடைச் சேவல், ஒன்றரை வயது. குஞ்சாக வாங்கியபோது மங்கலான மஞ்சளாக இருந்த அதன் கண்கள் இப்போது இரண்டுமே முத்து மாதிரி வெளுத்துவிட்டன. அந்தச் சேவலை அவருடைய மாமியார் முனியப்பன் கோயிலுக்கு நேர்ந்துவிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "கண்ணு பூத்த சேவல், ஊனமானதைச் சாமிக்குக் கொடுக்கக் கூடாது, வீட்டுக்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போக, அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை.

இது போதாதென்று, இரண்டு மாதம் முன்பு சந்தையில் வாங்கிய ஐந்து மாதப் பெட்டை ஒன்றின் இடது கண் மூன்று வாரமாகச் சாம்பல் நிறத்துக்கு மாறிவருகிறது. வலது கண் பழையபடி ஆரஞ்சாகவே இருக்கிறது. தீனி எடுக்கிறது, ஓடுகிறது. மருந்துக்கடையில் மனிதர்களுக்கான கண் சொட்டு மருந்து வாங்கி மூன்று நாள் விட்டும் பலனில்லை. கருங்கோழிக் கலப்பில் பிறந்த மூன்று குஞ்சுகளின் கண்கள் மட்டும் கன்னங்கரேலென்று இருப்பதால், அவை தப்பித்துவிட்டதாக நினைக்கிறார். ஏழு வயது மகன் அந்தப் பெட்டைக்குப் பொன்னி என்று பெயர் வைத்து எப்போதும் தூக்கிக்கொண்டே திரிகிறான். போன மாதம் அவனுக்கு மெட்ராஸ் ஐ வந்தது, அது கோழியிடமிருந்து வந்ததோ என்று பயம். தீவனக் கடைக்காரர், எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் தள்ளிவிட்டுக் கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துப் புதிதாக ஆரம்பிக்கச் சொல்கிறார்.

சேவலின் வெள்ளைதான் பெட்டைக்கு ஒட்டிக்கொண்டதா? முட்டையைச் சாப்பிடலாமா? எல்லாவற்றையும் விற்றுவிடலாமா? பெட்டையை விற்றவரிடம் பணம் கேட்கலாமா? இவை அவருடைய கேள்விகள். கடைசி வரியில் மகன் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு வந்த படங்களைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சேவலின் கண்ணும் பெட்டையின் கண்ணும் ஒரே விஷயம் இல்லை. ஒன்று பிறவிக் குணம், இன்னொன்று அநேகமாக நோய். இரண்டையும் வெள்ளை என்ற ஒரே சொல்லில் சேர்த்துப் பார்த்ததால்தான் இத்தனை குழப்பமும்.

கோழியின் கண்ணில் மூன்று பகுதிகளைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். நட்டநடுவில் கறுப்புப் புள்ளியாக இருப்பது கண்மணி. அதைச் சுற்றி நிறமாகத் தெரிவது வளையம். இரண்டுக்கும் முன்னால், கடிகாரக் கண்ணாடி போல மூடியிருப்பது தெளிவான படலம். நாம் கண்ணின் நிறம் என்று சொல்வது வளையத்தின் நிறத்தை. அது இனத்துக்கு இனம், வயதுக்கு வயது மாறும். முன் படலம் வெளுத்தால் அது புண்ணோ எரிச்சலோ. கண்மணிக்குள் வெள்ளை தெரிந்தால் அது புரை. வளையம் மாறியிருக்கிறது என்றால் மட்டும், நிறத்தை மறந்துவிட்டுக் கண்மணியின் ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

சேவலுக்கு ஒன்றும் இல்லை

பெருவிடை என்று நாம் சொல்வது அசீல் என்ற சண்டைக்கோழி இனத்தின் வழியில் வந்த கோழி. அந்த இனத்துக்கு வெளுத்த, முத்துப் போன்ற கண் என்பது அடையாளம். அசீல் இனத்துக்கென்று எழுதிவைத்த இலக்கணங்களில் கண்ணின் நிறம் முத்து வெள்ளை என்றே இருக்கிறது. சேவல் வளர்ப்பில் ஊறியவர்கள் விலை பேசும்போது வெள்ளைக்கண்ணைத் தேடிப் பார்ப்பார்கள். இளம் வயதில் மஞ்சளோடிய கண், வயது ஏற ஏற வெளுப்பதும் இயல்பு. நீங்கள் எழுதியதும் அதேதான். குஞ்சில் மங்கலான மஞ்சள், ஒன்றரை வயதில் முத்து. இரண்டு கண்ணும் ஒன்றுபோல, மெதுவாக மாறியிருக்கின்றன. படத்தில் இரண்டு கண்மணியும் நல்ல வட்டம், ஓரம் கத்தரித்தாற்போல் சுத்தம்.

ஆகவே அது ஊனம் இல்லை, பூ விழுந்த கண்ணும் இல்லை. பூ விழுந்தால் முன் படலம் பால் போல மூடி, உள்ளே இருக்கும் கறுப்பே தெரியாமல் போகும். நேர்த்திக்கடன் உங்கள் குடும்பத்து விஷயம், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் அத்தையிடம் ஒரு கால்நடை மருத்துவர் சொன்னதாகத் தைரியமாகச் சொல்லுங்கள்: சேவல் முழுமையானது, அதன் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. வயதான அவர் மனசு இத்தனை நாள் எவ்வளவு சங்கடப்பட்டிருக்கும் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

குஞ்சுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு ஆரம்பத்தில் கண் சாம்பலோடிய பழுப்பாகவோ கருமையாகவோதான் இருக்கும். சில மாதம் போனபிறகுதான் ஆரஞ்சு ஏறும். கருங்கோழி, அதாவது மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்து கடக்நாத், தோல், எலும்பின் உறை, உள்ளுறுப்புகள் வரை கறுப்பு நிறமி படிந்த இனம். அதன் கலப்பில் பிறந்தவற்றுக்குக் கறுத்த கண் வருவது ரத்தத்தின் வழி வருவது. நோயிலிருந்து தப்பித்ததற்கு அது அத்தாட்சி ஆகாது. சொல்லப்போனால் கறுத்த கண்ணில் கண்மணியின் ஓரம் எளிதாகத் தெரியாது, மாற்றம் வந்தாலும் தாமதமாகத்தான் கவனிப்போம். எனவே அந்த மூன்றையும் கூடுதலாகக் கவனியுங்கள்.

பெட்டையின் இடது கண்: என் கவலை இங்கேதான்

பொன்னியின் படத்தில் மூன்று விஷயங்கள் சேர்ந்து தெரிகின்றன. ஒரு கண் மட்டும் மாறியிருக்கிறது. சில வாரங்களுக்குள் மாறியிருக்கிறது. அதைவிட முக்கியம், சாம்பல் படிந்த அந்தக் கண்ணின் கண்மணி வட்டமாக இல்லை. ஓரம் எலி கடித்த ரொட்டி போல ஒழுங்கில்லாமல், வலது கண்ணைவிடச் சின்னதாகத் தெரிகிறது. ஐந்து மாத வயதில் இப்படி வந்தால் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மாரெக்ஸ் நோய்.

1907ல் ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக், சேவல்களுக்கு வந்த கால் வாதத்தை முதலில் விவரித்து எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் இதற்குக் காரணம் என்பது 1960களில்தான் தெரியவந்தது. இந்த வைரஸ் கோழியின் வெள்ளை அணுக்களைக் கெடுத்து, அவை கட்டுப்பாடில்லாமல் பெருகி உடம்பில் அங்கங்கே போய்க் குவியும்படி செய்கிறது. தொடை நரம்பில் குவிந்தால் கால் விழும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடக்கும் கோழியை நீங்களும் பார்த்திருக்கலாம். ஈரலில் குவிந்தால் கட்டி. கண் வளையத்தில் குவிந்தால் நிறமி அழிந்து சாம்பல் பூக்கும், கண்மணி கோணலாகும், வெளிச்சத்துக்குச் சுருங்கி விரியும் சக்தி போகும், கடைசியில் அந்தக் கண்ணின் பார்வையும் போகும். ஆறேழு வாரக் குஞ்சிலிருந்து முட்டையிடத் தொடங்கும் வயது வரை அதிகமாகத் தெரியும் நோய் இது.

படத்தை மட்டும் பார்த்து இதுதான் என்று முடிவு கட்ட மாட்டேன். சக கோழி கொத்திய காயத்தில் கண்ணின் உள்ளே வீக்கம் வந்து ஆறினாலும் கண்மணி கோணலாகலாம். பிறவியிலேயே கண்மணியில் சாவித் துவாரம் போல ஒரு வெட்டு இருக்கும் கோழிகளும் உண்டு. அது குஞ்சிலிருந்தே அப்படி இருக்கும், வளராது. உங்களுடையது கண்முன்னே மாறிவந்தது என்பதால் அந்த வாய்ப்பு குறைவு. சளி நோயில் முகம் ஒரு பக்கம் வீங்கி நாற்றம் வரும். அம்மையில் இமையில் கொப்புளமும் பொருக்கும் இருக்கும். இவை எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை.

ராத்திரி கூட்டில் எச்ச நெடி தேங்கினாலும் கண் கெடும். அது பெரும்பாலும் இரண்டு கண்ணையும் தாக்கும், முன் படலத்தைத்தான் மங்கவைக்கும், கோழி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்காரும். ஆனாலும் நாளை விடியற்காலையில் கூட்டைத் திறந்ததும் கோழி உட்காரும் உயரத்தில் முகத்தை வைத்து மூச்சிழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் அவற்றின் கண்ணும் எரிகிறது என்று அர்த்தம்.

குருணையும் தவிடும் மட்டும்தான் தீனி என்று எழுதியிருக்கிறீர்கள். குருணையில் வைட்டமின் ஏ சத்துக்கு வழியே இல்லை. அந்தக் குறைவில் இமைக்குள் தயிர்க்கட்டி போல வெள்ளையாகச் சேர்ந்து கண் ஒட்டிக்கொள்ளும். பொன்னிக்கு வந்திருப்பது அது இல்லை. என்றாலும் முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, மஞ்சள் மக்காச்சோளம் இவற்றை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். இடையிடையே பப்பாளிப் பழமும் போடலாம்.

சொட்டு மருந்தை நிறுத்துங்கள். மனிதர்களுக்கான கண் மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். கண்ணின் மேற்பரப்பில் கீறல் இருந்தால் அது புண்ணை ஆழமாக்கிவிடும். வெங்காயச் சாறு, தாய்ப்பால், சுண்ணாம்புத் தெளிவு என்று யார் எதைச் சொன்னாலும் வேண்டாம். வளையத்துக்குள் நடப்பதை மேலே விடும் எதுவும் மாற்றாது, கோழிக்கு வலிதான் மிச்சம்.

வீட்டிலேயே பார்க்கும் முறை

கோழியை ஒரு துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நிழலில் உட்காருங்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து மெதுவாக ஒரு கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். நல்ல கண்ணில் கறுப்புப் புள்ளி உடனே சுருங்கும், விளக்கை விலக்கினால் விரியும். நமக்கு ஒரு கண்ணில் வெளிச்சம் அடித்தால் மற்றக் கண்ணும் சேர்ந்து சுருங்கும். கோழிக்கு அதை நம்ப முடியாது. அதனால் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, பறவைகளின் கண் வளையத்தில் இருக்கும் தசை நம் கைகால் தசையைப் போன்றது. பயந்தாலோ பரபரத்தாலோ வெளிச்சம் இல்லாமலே கண்மணி விரிந்து சுருங்கும். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவுக்கு வராமல், கோழி அமைதியானபின் மூன்று தடவை பாருங்கள்.

பிறகு ஃபிளாஷ் போடாமல், காலை வெளிச்சத்தில், இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் படம் எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை, 17 கோழிக்கும். சிரமம்தான், ஆனால் அரை மணி நேர வேலை. அடுத்த மாதம் இதே கேள்வி வந்தால் நினைவை நம்ப வேண்டியிருக்காது, படம் சொல்லிவிடும். கூடவே மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். தீனி எடுத்தும் மார்பெலும்பு கத்தி போலத் துருத்திக்கொண்டு வந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது.

எல்லாவற்றையும் விற்றுவிடலாமா?

வேண்டாம். இதில் நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

மாரெக்ஸ் வைரஸ் இறகின் வேரில் முதிர்ந்து, இறகிலிருந்து உதிரும் பொடியோடு வெளியே வருகிறது. கூட்டின் தூசியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு கோழியின் கண்ணில் அடையாளம் தெரிவதற்கு வெகு நாள் முன்பே மற்றவையும் அந்தத் தூசியைச் சுவாசித்திருக்கும். இப்போது எல்லாவற்றையும் கொன்றாலும் விற்றாலும் தூசி உங்கள் வீட்டிலேயே இருக்கும். புதிதாக வாங்கிவந்து விடும் குஞ்சுகள்தான் முதலில் மாட்டும். சுண்ணாம்பு அடிப்பது நல்லதே, ஆனால் அதற்கு முன் எச்சம், இறகு, ஒட்டடை எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துக் குழியில் போட்டு மூட வேண்டும். மேலே பூசிய சுண்ணாம்பு அடியில் இருக்கும் தூசியை எதுவும் செய்யாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வைரஸ் உள்ளே போன கோழிகள் எல்லாம் நோயில் விழுவதில்லை. பல கோழிகள் அதைச் சுமந்துகொண்டே ஆயுளை முடித்துவிடும். பரம்பரையாகவே தாங்கும் சக்தி உள்ளவை உண்டு என்பது நன்றாக அறிந்த விஷயம். உங்களிடம் இரண்டு, மூன்று வயதுச் சிறுவிடைகள் ஆரோக்கியமாக இருக்கின்றனவே, அவைதான் உங்கள் சொத்து. அவற்றை விற்றுவிட்டு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத குஞ்சுகளை வாங்குவது நஷ்டம்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். விலங்குகளின் தொற்றுநோய்களைத் தடுக்க மத்திய அரசு 2009ல் கொண்டுவந்த சட்டத்தின் நோய்ப் பட்டியலில் மாரெக்ஸும் உண்டு. பட்டியலில் உள்ள நோய் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் வளர்ப்பவர் தகவல் சொல்ல வேண்டும், அந்த உயிரைத் தனியே பிரிக்க வேண்டும். நோய் என்று தெரிந்தே சந்தைக்குக் கொண்டுபோவது தவறு. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அதே சந்தையில் உங்களைப் போல இன்னொரு அம்மா, பிள்ளை ஆசைப்பட்டான் என்று ஒரு பெட்டையை வாங்கிக்கொண்டு போவார். அதை மனதில் வையுங்கள்.

விற்றவரிடம் பணம் கேட்கலாமா என்றால், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் நிற்காது. வைரஸ் உள்ளே போய் அடையாளம் தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகும். பெட்டை வரும்போதே கொண்டுவந்ததா, உங்கள் கூட்டுத் தூசியில் பிடித்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்தச் சண்டையை விட்டுவிடுங்கள்.

பொன்னியை என்ன செய்வது

மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, தனியே பிரித்து வைத்துக் கவனிப்பது. கொல்லையின் இன்னொரு மூலையில், காற்று மற்றக் கோழிகள் பக்கம் வீசாத இடத்தில், ஒரு பஞ்சாரமோ சின்னக் கூண்டோ போதும். முதலில் மற்றவற்றுக்குத் தீனி வைத்துவிட்டுக் கடைசியில் இதனிடம் போங்கள், கை கழுவிவிட்டு வாருங்கள். கண்ணோடு நின்றுபோகும் கோழிகளும் உண்டு. அப்படி நின்றால் ஒற்றைக் கண்ணோடு வருடக்கணக்கில் இருக்கும். ஆனால் வைரஸை வாழ்நாள் முழுக்க உதிர்த்துக்கொண்டே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது, அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று காட்டுவது. முதல் வழியில் போனாலும் இதை விட்டுவிடாதீர்கள். 1962 என்ற எண்ணில் அழைத்தும் உதவி கேட்கலாம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது உங்கள் பக்கத்துக்கு ஒரு வசதி. கோழி நோய்களை அவர்கள் அளவுக்குப் பார்த்தவர்கள் குறைவு.

மூன்றாவது வழியை எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கால் பின்னத் தொடங்கினாலோ, இறக்கை தொங்கினாலோ, உடம்பு இளைத்துக்கொண்டே போனாலோ, இந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஆயுர்வேதத்திலும் இல்லை, அலோபதியிலும் இல்லை. அப்போது இழுத்துக்கொண்டு கிடக்க விடாமல், மருத்துவரைக் கொண்டு வலியில்லாமல் முடித்துவிடுவதுதான் அதற்குச் செய்யும் நல்லது. இறந்துவிட்டால் புதைப்பதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள். உடலை ஃபிரீசரில் வைக்காமல், பாலித்தீன் பையில் கட்டி ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்து அன்றைக்கே கொண்டுபோனால், பிரேதப் பரிசோதனையில் தொடை நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். அந்த ஒரு பதில் மீதி 16 கோழிகளுக்கும் உதவும்.

மகனின் கண், முட்டை, கறி

மாரெக்ஸ் மனிதருக்கு வராது. ஹெர்பிஸ் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இது கோழியினத்தோடு நிற்கும் வைரஸ். மெட்ராஸ் ஐ மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டுவது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கும்.

ஆனால் கோழியால் கண்ணுக்கு எதுவுமே வராது என்றும் சொல்லமாட்டேன். வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய் வந்த கோழியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் சில நாள் கண் சிவந்து நீர் வடியலாம். தானாகச் சரியாகிவிடும். ஆகவே மகனிடம் கோழியைத் தொடாதே என்று சொல்ல வேண்டாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவு, முகத்தோடு முகம் வைக்காதே, படுக்கைக்குக் கொண்டுவராதே என்று சொல்லுங்கள். திடீரென்று பல கோழிகள் ஒரே நேரத்தில் செத்தால் மட்டும், யாரும் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

முட்டையைத் தாராளமாகச் சாப்பிடலாம். நோயுற்ற பெட்டையை மட்டும் அறுத்துச் சமைக்க வேண்டாம். மனிதருக்கு மாரெக்ஸ் ஒட்டும் என்பதற்காக இல்லை, உடம்பு சரியில்லாத எந்த உயிரையும் அப்படிச் செய்வது சரியில்லை என்பதற்காக.

இனிமேல் பொரிக்கும் குஞ்சுகள்

ஒரு நல்ல செய்தி. இந்த வைரஸ் முட்டைக்குள் போகாது. குஞ்சு சுத்தமாகத்தான் பொரிந்து வருகிறது, வந்தபிறகு தூசியில் பிடிக்கிறது. முதல் சில வாரங்கள்தான் ஆபத்தான காலம். அடைகாத்த தாயோடு குஞ்சுகளைப் பெரிய கோழிகளின் கூட்டிலிருந்து தள்ளி, சுத்தமான வேறு இடத்தில் எட்டு வாரமாவது வைத்திருங்கள். அங்கே போகும்போது செருப்பை மாற்றுங்கள். தாயிடமிருந்தே வைரஸ் வரலாம் என்பதால் இது முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனால் குஞ்சு சந்திக்கும் வைரஸின் அளவு குறையும், வயதும் கொஞ்சம் கூடும். இரண்டுமே உதவும்.

தடுப்பூசி இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. வான்கோழியின் ஹெர்பிஸ் வைரஸிலிருந்து செய்த ஊசி, புற்றுக்கட்டியைத் தடுத்த முதல் தடுப்பூசிகளில் ஒன்று. சிக்கல் என்னவென்றால் குஞ்சு பொரிந்த முதல் நாளிலேயே கழுத்துத் தோலுக்கடியில் போட வேண்டும். வளர்ந்த உங்கள் கோழிகளுக்கு இனிப் போட்டுப் பயனில்லை. குப்பிகள் பெரும்பாலும் ஆயிரம் டோஸ் அளவில் வருகின்றன. கரைத்தபின் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். பத்துக் குஞ்சுக்கு அது கட்டாது. அதனால் வெளியிலிருந்து ஒருநாள் குஞ்சு வாங்கினால், பொரிப்பகத்திலேயே மாரெக்ஸ் ஊசி போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். ஊசி கட்டியைத் தடுக்கும், வைரஸ் தொற்றுவதைத் தடுக்காது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

ஆனால் வெள்ளைக்கழிச்சல் ஊசி கட்டாயம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறையினர் ஊருக்கே வந்து இலவசமாகப் போடுகிறார்கள். நாட்டுக்கோழி வளர்ப்பவர்களை ஒரே வாரத்தில் வெறுங்கூட்டோடு நிறுத்துவது அந்த நோய்தான்.

அப்புறம், ஒரே சேவலையே அதன் மகள்களோடும் விட்டு இனம் பெருக்காதீர்கள். முட்டை வைக்கும்போது உங்களிடம் இரண்டு வருடம் தாண்டி நன்றாக இருக்கும் பெட்டைகளின் முட்டையாகப் பொறுக்கி வையுங்கள். பொன்னியின் முட்டையை அடைக்கு வைக்க வேண்டாம். முட்டை வழி நோய் வராது என்றாலும், தாங்கும் சக்தி குறைந்த ரத்தம் அது.

மகனின் கேள்வி

"பொன்னிக்கு என்னை அடையாளம் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறான்.

தெரியும் என்று சொல்லுங்கள். கோழிக்கு இரண்டு கண்ணும் ஒரே வேலையைச் செய்வதில்லை. குஞ்சுகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளில், கல்லுக்கும் தானியத்துக்கும் வித்தியாசம் பார்ப்பதற்கு வலது கண் கெட்டிக்காரக் கண் என்று தெரிந்திருக்கிறது. மேலே வட்டமிடும் வல்லூறைக் கவனிப்பது அதிகமாக இடது கண்ணின் வேலை. பொன்னிக்குப் போயிருப்பது காவல் காக்கும் கண். அதனால் மேலே வலை இல்லாத இடத்தில் அதைத் தனியே மேய விடாதீர்கள். பொழுது சாய்வதற்குள் அடைத்துவிடுங்கள், கீரி வரும் ஊர் உங்களுடையது.

அவன் அதனிடம் போகும்போது எப்போதும் வலது பக்கமாகப் போகட்டும். இடது பக்கத்திலிருந்து திடீரென்று கையை நீட்டினால் அது திடுக்கிட்டுச் சிறகடிக்கும், அவன் மேல் கோபம் என்று நினைத்துக்கொள்வான். போவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். தண்ணீர்க் கிண்ணத்தையும் தீனித் தட்டையும் தினமும் ஒரே இடத்தில் வைக்கும் வேலையை அவனிடமே கொடுங்கள். வாரம் ஒருமுறை படம் எடுக்கும்போது துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ளவும் அவன் வேண்டும். நான்கு வாரப் படங்கள் சேர்ந்ததும் எனக்கு அனுப்பி வையுங்கள்.